ட்வின் ஓட்டர் மீண்டும் வருகிறது: யார் வாங்கலாம், யார் வாங்க வேண்டாம்?

கனடாவின் டி ஹாவிலண்ட் நிறுவனம் 1965 முதல் 1988 வரை இரண்டு இன்ஜின் கொண்ட சிறு விமானமான ட்வின் ஓட்டரில் 844 தயாரித்தது. பிறகு உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஆனால் அதை ஓட்டுகிறவர்கள் நிறுத்தவில்லை. இருபது ஆண்டு கழிந்த பிறகும் பல நூறு விமானங்கள் நேபாள மலைகளிலும் மாலத்தீவுக் கடலிலும் கனடாவின் வடகோடியிலும் அன்றாடம் பறந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு உதிரிபாகம் செய்துகொடுத்துக்கொண்டிருந்த வைகிங் ஏர் நிறுவனம் 2006இல் வடிவமைப்பு உரிமையையே வாங்கிக்கொண்டது. 2010இல் '400 தொடர்' என்ற பெயரில் முதல் புது விமானம் சுவிட்சர்லாந்தின் ஜிமெக்ஸ் ஏவியேஷனுக்குப் போனது. அந்த வைகிங்தான் இன்று டி ஹாவிலண்ட் கனடா என்ற பழைய பெயரில் இயங்குகிறது. 2023 ஜூனில் பாரிஸ் விமானக் கண்காட்சியில் அடுத்த அவதாரத்தையும் அறிவித்தது: 'கிளாசிக் 300-ஜி'.

இந்த விமானத்தை ஓட்டியவர்கள் நாலு பேர் சேர்ந்தால் வாக்குவாதம் நிச்சயம். 1988க்கு முன் வந்த பழைய '300 தொடர்' விமானத்தைப் புதுப்பித்து ஓட்டினால் போதாதா? 400 மேலா, 300-ஜி மேலா? புதிதாக வந்திருக்கும் செஸ்னா ஸ்கைகூரியர் இருக்கும்போது அறுபது ஆண்டுப் பழைய வடிவத்துக்கு எதற்குப் பணம்? கான்பூரில் தயாராகும் டோர்னியர் 228 என்ன குறைச்சல்? என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்நூறு மீட்டர் அளவிலான ஓடுபாதை, தண்ணீர், பனி: இந்த மூன்றில் ஒன்றாவது உங்கள் அன்றாட வேலையில் இருந்தால் ட்வின் ஓட்டரை மிஞ்ச ஆள் இல்லை. மூன்றுமே இல்லையென்றால் அதை வாங்குவது வெறும் பாசம்.

அந்தப் பாசத்துக்குக் காரணம் இறக்கையில் இருக்கிறது. இறக்கையின் பின்விளிம்பு முழுநீளத்துக்கும் இரட்டைப் பிளவு ஃபிளாப்கள், அதாவது மெதுவாகப் பறக்கும்போது தூக்குவிசையைக் கூட்டக் கீழே இறக்கும் மடல்கள்; அவற்றோடு சேர்ந்து, விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் ஏலரான்களும் கீழே சரியும். ஃபிளாப் முழுவதும் இறங்கிய நிலையில் விமானம் மணிக்கு 107 கிலோமீட்டர் வரை வேகம் குறைந்தும் விழாமல் நிற்கும். குறுந்தூர முறையில் மேலெழும்பினால், 50 அடி உயரத்தைத் தாண்டுவதற்கு 366 மீட்டர் போதும் என்கிறது கையேடு. கரீபியனில் சபா தீவின் ஓடுபாதை 400 மீட்டர். இரு முனையிலும் பாறைச் சரிவு, கீழே கடல். அங்கே வழக்கமாக வந்துபோவது வின்ஏரின் ட்வின் ஓட்டர். ஸ்காட்லாந்தின் பாரா தீவில் ஓடுபாதை கடற்கரை மணல்தான். ஓதம் வற்றும் நேரத்தைப் பார்த்து லோகன்ஏர் கால அட்டவணை போடுகிறது. 2001 ஏப்ரலில் தென்துருவ ஆய்வு நிலையத்தில் மருத்துவரே நோயாளியானபோது, மைனஸ் 60 டிகிரியையும் தாண்டிய குளிரில், துருவ இருட்டில், பனிச்சறுக்குக் கட்டைகளில் இறங்கி அவரை மீட்டதும் இதே ரகம். 2003இலும் 2016இலும் அதே வேலைக்கு மீண்டும் இதைத்தான் அனுப்பினார்கள்.

மாலத்தீவில் இது கரை சேர்வதைக் கவனித்தால் விமானிகளின் பிடிவாதம் புரியும். மிதவைக்கால் பொருத்திய விமானம் தண்ணீரில் இறங்கி, நடுக்கடலில் கட்டியிருக்கும் மிதப்புமேடையை நோக்கி வரும். அதற்கு பிரேக் கிடையாது. காற்று ஒரு பக்கம், நீரோட்டம் ஒரு பக்கம் இழுக்கும். இரண்டு இன்ஜின்களின் நெம்புகோல்களும் காக்பிட்டின் கூரையிலிருந்து தொங்கும். புதிதாக ஏறுகிறவருக்குக் கை முதலில் தவறான இடத்துக்குத்தான் போகும். விமானி கையை உயர்த்தி ஒரு புரொப்பெல்லரை முன்னோக்கியும் மற்றதைப் பின்னோக்கியும் இழுக்கச் செய்வார். விமானம் நின்ற இடத்திலேயே திரும்பும். அதற்குள் மூன்றாவது ஊழியர் கதவைத் திறந்து மிதவைக்கால் மேல் இறங்கிக் கயிற்றோடு நிற்பார். காக்பிட்டில் இருக்கும் இருவரும் வெறுங்காலோடு ஓட்டுவது அங்கே சர்வசாதாரணம். இவ்வளவையும் ஒரு நாளில் பலமுறை செய்யும் எந்திரம் சிக்கலில்லாததாக இருந்தே ஆக வேண்டும்.

இப்போது பழையதா புதியதா என்ற கேள்வி. பழைய 300ஐப் புதுப்பிப்பது சாத்தியம்தான். கலிஃபோர்னியாவின் இகானா போன்ற நிறுவனங்கள் இறக்கையையும் உடற்கூட்டையும் மறுபடி கட்டித் தருகின்றன. ஆனால் உலோகத்துக்குக் களைப்பு உண்டு, உப்புநீருக்கு இரக்கம் கிடையாது. 2020 அக்டோபரில் சபர்மதிக்கும் ஒற்றுமைச் சிலைக்கும் இடையே ஸ்பைஸ்ஜெட் தொடங்கிய கடல் விமானச் சேவையில் பறந்தது சுமார் ஐம்பது ஆண்டுப் பழைய 300. அடுத்த ஆண்டே சேவை நின்றுபோனது. நின்றதற்கு விமானத்தின் வயதை மட்டும் குறை சொல்ல முடியாது; ஆனால் புதுச் சேவை தொடங்குகிறவர் அவ்வளவு பழைய விமானத்தை நம்பி இறங்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

400இல் வைகிங் செய்த நல்ல காரியம் இன்ஜின். பழைய பிடி6ஏ-27க்குப் பதில் பிடி6ஏ-34. உச்சவரம்பு அதே 620 குதிரைத்திறன்தான். ஆனால் வெயிலிலும் உயரத்திலும் பழையது சோர்ந்துபோகும் இடத்தில் இது அந்த 620ஐ விடாமல் கொடுக்கும். நேபாளத்தின் லுக்லாவில் ஓடுபாதை கடல்மட்டத்திலிருந்து 2,845 மீட்டர் உயரத்தில், 527 மீட்டர் நீளத்தில், கிட்டத்தட்ட நூற்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவில் கிடக்கிறது. மேல்முனையில் மலை, கீழ்முனையில் பள்ளத்தாக்கு. அங்கே இந்த வித்தியாசம் பயணிகள் எண்ணிக்கையாகவே தெரியும்.

சண்டை வந்தது காக்பிட்டில். கடிகார முள்கள் நிறைந்த பழைய பலகையை எடுத்துவிட்டு ஹனிவெல்லின் பிரைமஸ் ஏபெக்ஸ் திரைகளை 400இல் வைத்தார்கள். பிலாட்டஸ் பிசி-12 போன்ற சொகுசான சிறு விமானங்களில் இருக்கும் அதே குடும்பம். நல்ல கருவிதான். ஆனால் வெளியூர்த் தீவில் ஒற்றை மெக்கானிக்கை வைத்துக்கொண்டு ஓட்டுகிறவருக்கு அது கனமான ஏற்பாடு என்று விமானிகளில் பலர் முணுமுணுத்தார்கள். அந்த முணுமுணுப்புக்கு நிறுவனம் காதுகொடுத்திருக்கிறது என்பதற்கு 300-ஜியே சான்று. கார்மின் ஜி1000 என்எக்ஸ்ஐ திரைகள், குறைக்கப்பட்ட வெற்று எடை, அதனால் கூடுதல் சுமை. பெயரிலேயே 300க்குத் திரும்பிவிட்டார்கள். ஒற்றை இன்ஜின் கொண்ட செஸ்னா கேரவனும் அதே கார்மினோடுதான் வருகிறது. தீவுகளிலும் காடுகளிலும் பறக்க வரும் இளம் விமானிகளில் பெரும்பாலோர் கேரவனில் பழகியவர்கள். ஏற்கெனவே தெரிந்த திரையோடு ட்வின் ஓட்டரில் உட்காரும் துணை விமானி, முதல் மாதத்தில் பொத்தானைத் தேடாமல் வெளியே பார்ப்பார். 400க்கும் 300-ஜிக்கும் இடையே எனக்குத் தயக்கமே இல்லை: 300-ஜி.

திரை வந்தால் விபத்து குறையும் என்ற வாதத்தை மட்டும் அளவோடு எடுத்துக்கொள்ள வேண்டும். 2016 பிப்ரவரியில் நேபாளத்தின் போக்ராவிலிருந்து ஜோம்சோம் போன தாரா ஏர் விமானம் மலையில் மோதி 23 பேரும் இறந்தார்கள். அது சேவைக்கு வந்து சில மாதமே ஆன 400. 2022 மே மாதம் அதே நிறுவனத்தின் பழைய 300 ஒன்று அதே வழித்தடத்தில் மோதி 22 பேர் இறந்தார்கள். புதுத் திரையும் பழைய முள்ளும் ஒரே பள்ளத்தாக்கில், கெட்ட வானிலையில், ஒரே முடிவைக் கண்டன. மேகம் மூடிய மலைவழியில் திரும்பிவிடும் துணிச்சலை விமானிக்குக் கொடுப்பது அவருடைய நிறுவனத்தின் வேலை. அதைச் செய்யாமல் விலை உயர்ந்த திரையை வாங்கிவைத்துப் பயனில்லை.

ஸ்கைகூரியர் வேறு நோக்கத்தில் பிறந்தது. ஃபெடெக்ஸ் ஐம்பது விமானங்களுக்கு உறுதி கொடுத்த பிறகு செஸ்னாவின் தாய் நிறுவனமான டெக்ஸ்ட்ரான் அதை வடிவமைத்தது; 2020 மே மாதம் முதல் பறப்பு, 2022இல் சான்றிதழ், அதே ஆண்டு ஒப்படைப்பு. ஒவ்வொரு இன்ஜினுக்கும் 1,100 குதிரைத்திறன். பத்தொன்பது பயணிகள், அல்லது எல்டி3 எனப்படும் விமானச் சரக்குக் கொள்கலன்கள் மூன்று. சரக்குக் கிடங்கிலிருந்து கொள்கலனை அப்படியே உருட்டி ஏற்றலாம். மூட்டை மூட்டையாகத் தூக்க வேண்டியதில்லை. சரக்கு ஏறத்தாழ 2,700 கிலோ, வேகம் மணிக்கு 380 கிலோமீட்டரை ஒட்டி. ட்வின் ஓட்டரின் மொத்த எடையே 5,670 கிலோதான் என்பதை வைத்துப் பார்த்தால் இது அடுத்த வகுப்பு. ஆனால் மேலெழும்ப 1,100 மீட்டருக்குச் சற்று அதிகமான நீளம் கேட்கிறது. இந்த எண்ணையும் 366ஐயும் நேருக்கு நேர் வைப்பது சரியல்ல என்று விவரம் தெரிந்த விமானிகள் திருத்துவார்கள். இரண்டும் ஒரே விதியின்கீழ் அளக்கப்பட்டவை அல்ல. திருத்தம் நியாயம்தான். அதற்காக ஸ்கைகூரியர் சபாவில் இறங்கிவிடப் போவதில்லை. ஆயிரத்து இருநூறு மீட்டர் தார்ப்பாதையும் தினசரிச் சரக்கும் இருக்கும் ஊருக்கு அதுவே சரியான விமானம். அங்கே ட்வின் ஓட்டரை ஓட்டுகிறவர் காசைக் கரைக்கிறார்.

டோர்னியர் 228 இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 1981இல் ஜெர்மனியில் முதலில் பறந்தது. மூன்றிலும் வேகமானது. சக்கரம் உள்ளே மடங்கும். அந்த வேகத்துக்கு அது ஒரு காரணம், கரடுமுரடான தரையில் கூடுதல் பராமரிப்புக்கும் அதுவே காரணம். அண்டார்டிகாவில் ஜெர்மானியர்கள் பனிச்சறுக்குக் கட்டை பொருத்தியும் பறந்திருக்கிறார்கள், லுக்லாவிலும் இது இறங்குகிறது. ஆகவே இளப்பமாகப் பேச இடமில்லை. தண்ணீரில் மட்டும் இதற்கு வேலை இல்லை. நமக்கு இதில் உள்ள லாபம் வேறு: இந்திய அரசின் எச்ஏஎல் நிறுவனம் கான்பூரில் இதைப் பல்லாண்டுகளாகத் தயாரிக்கிறது, கடலோரக் காவல்படையும் கடற்படையும் ஓட்டுகின்றன, கையாளத் தெரிந்த மெக்கானிக்குகள் இங்கேயே இருக்கிறார்கள். 2022 ஏப்ரலில் அலையன்ஸ் ஏர் திப்ருகரிலிருந்து அருணாசலத்தின் பாசிகாட்டுக்கு இதில் பயணிகள் சேவை தொடங்கியது.

வடகிழக்கின் எல்லையோர ஓடுபாதைகளுக்கு ட்வின் ஓட்டரை இறக்குமதி செய்ய வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை. உதிரிபாகம் கான்பூரிலிருந்து வரும்போது கனடாவின் கால்கரியை எதிர்பார்ப்பானேன்? ஆனால் 2024 நவம்பரில் டி ஹாவிலண்ட் கனடா ஒரு 400ஐ மிதவைக்காலோடு கொண்டுவந்து கொச்சியின் போல்காட்டியிலிருந்து மூணாறுக்கு மேலே மாட்டுப்பட்டி அணையில் இறக்கிக் காட்டியதே, அந்த வேலைக்கு டோர்னியரும் உதவாது, ஸ்கைகூரியரும் உதவாது. நீர்த்தேக்கங்களுக்கும் லட்சத்தீவுக் காயல்களுக்கும் பயணிகள் சேவை வேண்டும் என்று அரசு உண்மையாகவே விரும்பினால், பழைய விமானத்தைக் குத்தகைக்கு எடுத்துத் தொடக்க விழா நடத்தும் வழக்கத்தை விட்டுவிட்டு 300-ஜிக்கு ஆர்டர் கொடுக்கட்டும். உப்பைக் கழுவ நன்னீர் வசதியும், கயிறு பிடிக்கப் பயிற்சி பெற்ற ஊழியரும், மாற்று விமானம் ஒன்றும் அந்த ஆர்டரோடு சேர்ந்தே வர வேண்டும்.