பாண்டி பஜார் நடைபாதை வளாகம்: அம்மாவுடன் நடந்து பார்த்த அனுபவம்

சென்னை தியாகராய நகரின் பாண்டி பஜாருக்குப் போய் வந்தவர்கள் பெரும்பாலும் கடைகளைப் பற்றியே எழுதுகிறார்கள். நான் எழுத நினைப்பது அந்தக் கடைகளுக்கு முன்னால் இருக்கும் சாலையைப் பற்றி. பனகல் பூங்காவிலிருந்து கிளம்பும் தியாகராயர் சாலையின் கடைத்தெருப் பகுதி, அகலமான நடைபாதைகளோடு திருத்தி அமைக்கப்பட்டு, 2019 நவம்பர் 13 அன்று திறக்கப்பட்டது. முழங்கால் வலியுள்ள என் அம்மாவை அதற்கு முன்பெல்லாம் தீபாவளித் துணி எடுக்க இங்கே அழைத்து வரவே தயங்குவோம். கடை வாசலை ஒட்டி இருசக்கர வண்டிகள், அவற்றுக்கு வெளியே கார்கள் என்று ஓரம் முழுவதும் அடைந்து கிடக்க, நடப்பவர்கள் பேருந்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தார்ச்சாலையில்தான் நடக்க வேண்டியிருந்தது.

இப்போது அம்மாவும் நானும் தோளோடு தோள் சேர்ந்து பேசிக்கொண்டே நடக்கிறோம், எதிரே குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு யாராவது வந்தாலும் ஒதுங்கி வழிவிட வேண்டியதில்லை. நடுநடுவே இருக்கைகள் இருப்பதால் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை உட்கார்ந்து எழுந்து, மாலை முழுவதும் கடை பார்க்க அவரால் முடிகிறது. சாலையோர மரங்களின் நிழல் இன்னொரு ஆறுதல்.

ஆனால் இந்த வடிவமைப்பின் உண்மையான பலன் சாலையைக் கடக்கும்போதுதான் தெரிகிறது. அம்மா நொடிக்கு ஒரு மீட்டருக்கும் குறைவாகத்தான் நடப்பார். அப்படி நடக்கும் ஒருவருக்கு, வண்டி ஓடும் பரப்பில் மூன்று மீட்டர் குறைந்தால், வண்டிகளுக்கு நடுவே நிற்கும் நேரத்தில் குறைந்தது மூன்று நொடி மிச்சமாகிறது. அதோடு, முன்பு நிறுத்தி வைத்த கார்களின் இடுக்கிலிருந்து தலையை நீட்டிப் பார்த்துவிட்டுக் காலை எடுத்து வைக்க வேண்டியிருந்தது, வண்டி ஓட்டி வருபவருக்கும் கடைசி நொடியில்தான் ஆள் தெரியும். இப்போது நடைபாதை விளிம்பில் நிற்கும்போதே இருவருக்கும் ஒருவரையொருவர் தெரிகிறது. தடம் குறுகலாக இருப்பதால் வண்டிகளின் வேகமும் தானாகவே தணிகிறது. ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி மோதினால் நடப்பவர் உயிரிழக்கும் ஆபத்து, முப்பது கிலோமீட்டர் வேகத்தில் இருப்பதைப்போலப் பல மடங்கு என்பதை நினைத்தால், இந்த வேகக் குறைவு எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பது புரியும்.

சாலையைக் குறுக்கினால் நெரிசல் கூடத்தானே செய்யும் என்று என் மைத்துனர் இன்றும் வாதிடுகிறார். அவர் காரில் வருபவர், அவருடைய கவலை நியாயமானதே. ஆனால் ஒரு சாலையில் எத்தனை வண்டி போக முடியும் என்பதை அதன் மிகக் குறுகலான இடமே தீர்மானிக்கிறது. பழைய சாலை கணக்கில் அகலமாக இருந்தது, நடைமுறையில் பத்தடி தூரம்கூட ஒரே அகலமாக இருந்ததில்லை. ஒருவர் காரைப் பின்னுக்கு எடுத்தால் அவருக்குப் பின்னால் வருபவர்கள் எல்லோரும் நிற்பார்கள், அல்லது பக்கத்துத் தடத்துக்குள் மூக்கை நுழைப்பார்கள். ஓரத்தில் நிறுத்தும் பழக்கத்தைக் கட்டுப்படுத்தி, தொடக்கம் முதல் கடைசி வரை மாறாத அகலத்தைக் கொடுத்ததால், வண்டிகள் மெதுவாகப் போனாலும் நிற்காமல் போகின்றன. வண்டி நிறுத்துவதற்குத் தணிகாசலம் சாலையில் பல அடுக்கு நிறுத்தகம் இருக்கிறது. 200க்கும் மேற்பட்ட கார்களுக்கு அங்கே இடம் உண்டு. அங்கிருந்து நடக்க வேண்டுமே என்று சலித்துக்கொள்பவர்கள், ஓரத்தில் இடம் தேடி மூன்று சுற்றுச் சுற்றிய பழைய நாட்களை ஒரு முறை நினைத்துப் பார்க்கலாம்.

குறை ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நடைபாதை விளிம்பில் நட்டிருக்கும் தடுப்புத் தூண்களுக்கு நடுவே ஒரு ஸ்கூட்டர் நுழையும் இடைவெளி கிடைத்தால் போதும், யாராவது ஒருவர் ஏறி வந்துவிடுகிறார். போன முறை போனபோது பின்னாலிருந்து வந்த ஹாரன் சத்தத்தில் அம்மா துள்ளி விலகி, என் கையை அழுந்தப் பிடித்துக்கொண்டார். பிறகு கடைக்குள் போய்ச் சேரும் வரை அந்தப் பிடியைத் தளர்த்தவே இல்லை. சக்கர நாற்காலி நுழையவும் வேண்டும், ஸ்கூட்டர் நுழையவும் கூடாது என்றால் தூண்களை மட்டும் நம்பிப் பயனில்லை, கூட்டம் மிகும் மாலை நேரங்களில் ஆள் நின்று தடுத்து அபராதம் விதிக்க வேண்டும்.

மாம்பலம் ரயில் நிலையத்தில் இறங்கித் தியாகராய நகர் பேருந்து நிலையப் பக்கம் போகிறவர்களுக்கு, 2023 மே மாதம் திறக்கப்பட்ட 570 மீட்டர் நீள ஆகாய நடைபாலம் இருக்கிறது. வயதானவர்களோடு வருகிறவர்கள் ரங்கநாதன் தெருவின் நெரிசலில் சிக்காமல் அதன் வழியே போவது நல்லது, லிப்ட் வசதியும் உண்டு. பாண்டி பஜாருக்கு வார நாளில், மாலை ஐந்து மணிக்கு முன்பே வந்துவிட்டால் இருக்கைகளில் இடம் கிடைக்கும்.