கல்லாவுக்கு அடியில் பாராங்கா, வாசலில் செக்யூரிட்டி கார்டா?

மலேசியாவின் பினாங்கு லிட்டில் இந்தியாவில், லெபோ பாசார் தெருப் பக்கம் நகைக்கடை வைத்திருப்பவரிடம் கொள்ளையைப் பற்றிப் பேச்செடுத்தால் பதில்கள் ஆளுக்கு ஒன்றாக வரும். லைசென்ஸ் எடுத்து பிஸ்டல் வைத்துக்கொள்ளலாம் என்பார் ஒருவர். கல்லாவுக்கு அடியில் ஒரு பாராங், அதாவது நீண்ட வெட்டுக்கத்தி, போதும் என்பார் இன்னொருவர். வசதி உள்ளவர் செக்யூரிட்டி கம்பெனிக்கு மாதாமாதம் கட்டிக்கொண்டிருப்பார். கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் பையனின் இடத்திலிருந்து பார்த்தால் கணக்கு வேறு.

பிஸ்டலை முதலில் தள்ளிவிடலாம். அமெரிக்கக் கடைக்காரர் மாதிரி இங்கே துப்பாக்கி வாங்கி மேசைக்குள் போட முடியாது. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். கிடைத்தாலும் அது முதலாளி பெயரில்தான். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 14 ஆண்டு வரை சிறை, குறைந்தது ஆறு பிரம்படி. முதலாளி சாப்பிடப் போன நேரத்தில் கொள்ளையர் வந்தால் அந்தப் பிஸ்டலால் யாருக்கு என்ன பயன்?

பாராங்தான் சிக்கலான விஷயம், ஏனென்றால் சட்டம் ஓரளவு அதன் பக்கம் நிற்பதுபோலத் தெரியும். குற்றவியல் சட்டத்தின் 97ஆவது பிரிவு உயிரையும் உடைமையையும் காத்துக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. கொள்ளை என்றால் எதிராளியின் உயிர் போகும் அளவுக்குக்கூட அந்த உரிமை நீளலாம் என்கிறது 103. ஆனால் தேவைக்கு மேல் காயப்படுத்தக்கூடாது என்று 99 கட்டிப்போடுகிறது. உடைமையைக் காக்கும் உரிமை எதுவரை செல்லும் என்பதை 105 வரையறுக்கிறது. கொள்ளையன் மோட்டார் சைக்கிளில் ஏறித் தப்பிக்கும்போது பின்னால் ஓடிப்போய் வெட்டினால், இந்தப் பிரிவுகளை நம்பி நிற்க முடியாது. பையன் தமிழ்நாட்டிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவன் என்றால் விசாரணை முடியும்வரை வேலையும் பெர்மிட்டும் ஊசலாடும். கடை பூட்டியதும் அதே பாராங்கை வீட்டுக்கு எடுத்துப் போனான் என்றால் பொது இடத்தில் தாக்கும் ஆயுதம் கொண்டுபோவதைத் தடுக்கும் 1958ஆம் ஆண்டுச் சட்டம் வேறு குறுக்கே வரும்.

சட்டத்தை விடுங்கள். ஹெல்மெட்டோடு நாலு பேர் நுழைகிறார்கள், ஒருவன் கையில் சுத்தியல், மற்றவர்களிடம் பாராங். அந்த நேரத்தில் பையன் கவுண்டருக்கு அடியில் குனிந்தால், அதுவே அவன் மேல் வெட்டு விழக் காரணமாகிவிடும். 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு அவன் செய்ய வேண்டிய வேலை இது இல்லை.

வாசலில் பம்ப் கன் எனும் நீளத் துப்பாக்கியோடு கார்டு நிற்பது சும்மா நோட்டம் பார்க்க வருபவனை நிச்சயம் யோசிக்க வைக்கும். திட்டம் போட்டு வரும் கும்பலோ முதலில் கார்டைத்தான் குறிவைக்கும். தீபாவளிக்கு முந்தின வாரம் கடைகளுக்கு முன்னால் உள்ள அஞ்சடி நடைபாதை முழுக்க ஆள். அங்கே ஒரு ரவை வெடித்தால் கொள்ளையனை மட்டும் தேடிப் போகாது. தங்கத்தைக் கடைக்குக் கொண்டுவரும்போதும் வெளியே எடுத்துப் போகும்போதும் கார்டு வேண்டும் என்பேன். நாள் முழுக்க வாசலில் நிறுத்துவதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

என் ஓட்டு கண்ணாடிக்கும் கதவுக்கும். சாதாரணக் கண்ணாடி சுத்தியலால் இரண்டு முறை அடித்தாலே நொறுங்கும். நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்த லேமினேட்டட் கண்ணாடி விரிசல் விட்டாலும் பிடித்துக்கொண்டு நிற்கும். சுத்தியல்காரனுக்கு நேரம்தான் எதிரி. ஒரு கதவு மூடினால்தான் அடுத்தது திறக்கும் இரட்டைக் கதவும், சில விநாடியில் கடையையே புகையால் நிரப்பும் இயந்திரமும் சேர்ந்தால் இன்னும் நல்லது. உள்ளே இருப்பவர் கரண்ட் போனாலும் திறந்து வெளியேற வழி மட்டும் கட்டாயம். இரட்டைக் கதவைப் பார்த்தால் 'சும்மா விலை கேட்க' வரும் அக்காமார் திரும்பிப் போய்விடுவார்கள் என்று முதலாளிகள் புலம்புவது உண்மைதான். அந்த வியாபார இழப்பைக் கணக்கில் சேர்த்தே சொல்கிறேன்.

பணம் மாற்றித் தரும் மணி சேஞ்சர் கடைக்கு இதெல்லாம் பெரிய செலவு. கவுண்டரில் தடித்த கண்ணாடி, கையில் குறைந்த ரொக்கம், மீதி, குறித்த நேரத்தில் மட்டும் திறக்கும் நேரப்பூட்டுப் பெட்டியில். அங்கே அது போதும்.

இதில் எதைச் செய்தாலும் பையனிடம் முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: கேட்டதைக் கொடு, பின்னால் ஓடாதே, அவர்கள் போனதும் போலீசுக்கு 999இல் போன் அடி, போன நகைக்கு உன் சம்பளத்தில் பிடிக்க மாட்டேன். கடைசி வாக்கியத்தைச் சொல்லாத கடையில்தான் பையன்கள் கொள்ளையனோடு மல்லுக்கு நிற்கிறார்கள்.