துருப்பிடித்த வண்டித் தளம்: வெல்டிங்கா, ஃபைபரா?

எங்கள் வீட்டு முற்றத்தில் நிற்பது ஒரு பழைய டாடாமொபைல் 206. 1988-இல் அறிமுகமான பிக்கப். முதல் டாடா சியரா கார் பிறந்ததே இதன் அடித்தளத்தில்தான். ஓட்டுநர் காலடியில் கிடந்த ரப்பர் விரிப்பைத் தூக்கியதும் தகடு அப்பளம்போல் நொறுங்கி, கீழே மண் தெரிந்தது.

கையில் பணம் குறைவென்றால் மனம் ஃபைபர் பக்கம்தான் போகும். கண்ணாடி இழைத் துணி, ரெசின் என்ற பிசின், அதை இறுகவைக்கும் ஹார்டனர், ஒரு பழைய பிரஷ் போதும். ஒரே பிற்பகலில் ஓட்டை மறைந்துவிடும். ஆம், மறையத்தான் செய்யும். ஆனால் துருவின்மேல் ரெசின் நிலைத்துப் பிடிக்காது. உள்ளே சிக்கிய ஈரம் இரும்பைத் தின்றுகொண்டே இருக்கும்.

வெல்டிங் பொறுமை கேட்கும் வேலை. பளபளக்கும் நல்ல இரும்பு வரும்வரை கிரைண்டரால் துருவை வெட்டியெடுக்க வேண்டும். அட்டையில் அளவெடுத்து, சுமார் 1 மி.மீ. தகட்டை அதற்கேற்ப வெட்டி, எதிரெதிர் மூலைகளில் மாறி மாறிப் புள்ளி புள்ளியாகப் பற்றவைக்க வேண்டும். ஒரே கோடாக இழுத்தால் சூட்டில் தகடு நெளிந்துவிடும். பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். அடியில் டீசல் குழாய் ஓடுகிறதா என்று குனிந்து பாருங்கள். முடிந்ததும் துருவைத் தடுக்கும் பிரைமர் பூச்சும் இடுக்கை அடைக்கும் சீலரும் கட்டாயம்.

தளம், இருக்கை போல்ட் பிடிக்கும் இடம், வண்டியைத் தாங்கும் சட்டமான சேசிஸ் மூன்றுக்கும் வெல்டிங்தான். உயிர் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. டேஷ்போர்டு விரிசலுக்கு ஃபைபர் தாராளமாகப் போதும். வெட்டுவதையும் சுரண்டுவதையும் நாமே முடித்து, பற்றவைக்க மட்டும் டிங்கரிங் கடைக்காரரை அழைத்தால் கூலி நன்றாகக் குறையும்.