புதன்கிழமைச் சாப்பாடு: மதுரை மெஸ்களில் நாங்கள் நாலு பேர்

நாங்கள் நாலு பேரும் பெண்கள். ஒரே ஆபீசில் இருந்தபோது 2018-இல் ஆரம்பித்த பழக்கம் இது. இப்போது ஆளுக்கொரு ஆபீஸ், ஆனாலும் மாதத்தில் இரண்டு புதன்கிழமை மதியம் வெளியில்தான் சாப்பாடு. ஏன் புதன் என்றால், ஒருத்திக்குச் செவ்வாய் வெள்ளி கவுச்சி ஆகாது, மூத்த அக்காவுக்குத் திங்களும் சனியும் விரதம், இன்னொருத்தி வியாழக்கிழமை பாபா கோயிலுக்குப் போகிறவள், ஞாயிற்றுக்கிழமை வீட்டை விட்டு யாராலும் நகர முடியாது. மிஞ்சியது புதன்தான். புரட்டாசியில் அதுவும் சைவ ஹோட்டல் ஆகிவிடும். ரசம் நன்றாக இருக்கும், அப்பளம் இன்னொன்று கேட்டால் தருவார்கள், அதைப் பற்றி வேறென்ன சொல்ல.

மெஸ்ஸுக்குள் நாலு பெண்கள் நுழைந்தால் முதலில் காதில் விழுவது "மேலே ஃபேமிலி ரூம் இருக்குக்கா" என்பதுதான். மரியாதைக்குத்தான் சொல்கிறார்கள், தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் மேலே ஏசி, ஒவ்வொரு ஐட்டத்துக்கும் பத்து இருபது ரூபாய் கூட. வரி அதிகம் போல என்று ரொம்ப நாள் நினைத்திருந்தோம். 2017 நவம்பருக்கு அப்புறம் இந்த மாதிரி ஹோட்டல்களில் ஏசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான், கூடுதல் விலை கடைக்காரர் குளிருக்குப் போட்டது. அதைவிட எரிச்சல், மேலே குழம்பு கிண்ணத்தில் வரும், இன்னொரு தடவை கேட்டால் ஆள் கீழே இறங்கி ஏறி வருவதற்குள் இலையில் சோறு காய்ந்துவிடும். கீழே வாளியோடு ஆள் சுற்றிக்கொண்டே இருப்பார். ஒரு வருடத்துக்கு அப்புறம் கீழேயே உட்கார ஆரம்பித்தோம். முதல் நாள் ரெண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாவது தடவை பரிமாறுகிற அண்ணனே "மூலை டேபிள் காலியா இருக்குக்கா" என்று கூப்பிட்டுவிட்டார்.

ஒரே நிபந்தனை, 12:45-க்குள் உட்கார்ந்துவிட வேண்டும். ஒன்றேகால் ஆனால் நாற்காலிக்குப் பின்னால் ஆள் நிற்கும், நாம் மோருக்கு வந்துவிட்டோமா என்று நம் இலையையே பார்த்துக்கொண்டு. அந்தப் பார்வையில் அரட்டை அடிக்க முடியாது.

சாப்பாட்டில் புதிதாக வருகிறவர்கள் செய்கிற தப்பு, முதலில் வரும் கறிக்குழம்பிலேயே சோற்றை முடித்துவிடுவது. அதற்குப் பின்னால் கோழி, மீன், சில கடைகளில் நண்டு என்று வரிசையாக வரும். சோற்றைச் சின்னச் சின்னதாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு குழி வெட்டிக்கொள்ளுங்கள்.

ஒரு கடையை எடைபோட எங்களிடம் இருக்கும் ஒரே கருவி அயிரை மீன் குழம்பு. விரல் நீளம்கூட இல்லாத மீன், குடலெடுக்க முடியாது. உயிரோடு வாங்கி, பாலில் விட்டு மண்ணைக் கக்க வைத்து, கல்லுப்புப் போட்டு உரசி அலசி, தலையோடு முழுசாகக் குழம்பில் போடுவார்கள். வாயில் நறநறவென்று மணல் பட்டால் அடுப்படியில் அவசரம் என்று அர்த்தம். ஒரு கடையில் இரண்டு தடவை பட்டது, மூன்றாவது தடவை நாங்கள் போகவில்லை. அழகர்கோவில் ரோட்டு அம்மா மெஸ்ஸில் எலும்பு மஜ்ஜை ஆம்லெட் ஒன்று வாங்கி நாலாகப் பிய்த்துக்கொள்வது நல்லது, முழுசாக ஒருத்தி சாப்பிட்டால் மதியம் ஆபீசில் தூங்கிவிடுவாள். அனுபவம்.

இனி அந்தத் தட்டு. சோறு விழுந்த கையோடு ஒரு பெரிய தட்டு நிறையக் கிண்ணங்கள் வரும், சுக்கா, ஈரல், குடல், கோலா உருண்டை, காடை, மீன் வறுவல். "என்னக்கா வைக்கட்டும்?" விலை எதிலும் எழுதியிருக்காது, வாசனைதான் எழுதியிருக்கும். பசியில் கை தானாக நீளும். சாப்பாட்டு விலையைவிடத் தட்டில் எடுத்தது மூன்று மடங்கு வந்த நாள்களும் உண்டு. இப்போதெல்லாம் எடுக்கும்போதே வாய்விட்டு விலை கேட்கிறோம். முதல் தடவை கூச்சமாக இருந்தது, பக்கத்து டேபிளில் இருந்தவரும் கேட்க ஆரம்பித்ததும் போய்விட்டது.

எங்களுக்குள்ளேயும் ஒரு தகராறு இருந்தது, தெரியாமலே. பில்லை நாலாகப் பிரித்து ஜிபேயில் போட்டுவிடுவோம். எங்களில் ஒருத்தி ஆட்டுக்கறி தொடமாட்டாள், குழம்பும் ஒரு ஆம்லெட்டும்தான். இரண்டு வருடம் எங்கள் சுக்காவுக்கும் குடலுக்கும் சேர்த்து அவள் காசு கொடுத்திருக்கிறாள், ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒருநாள் "இன்னைக்கு நான் டிபன் பாக்ஸ் கொண்டு வந்துட்டேன், நீங்க போங்க" என்றாள். அடுத்த வாரமும் அதே டிபன் பாக்ஸ். அக்காதான் கண்டுபிடித்து எங்களைக் கிழித்தார். அப்புறம் கணக்கை மாற்றினோம். சாப்பாடு அவரவர் காசு, தட்டில் எடுத்தது எடுத்தவர் பாடு.

இப்போது பில்லைக் கையில் வாங்குவது அவள்தான். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படிப்பாள், கல்லாக்காரர் கொஞ்சம் நெளிவார். போன மாதம் நாங்கள் எடுக்காத ஒரு காடையைப் பில்லிலிருந்து அடிக்க வைத்துவிட்டுத்தான் வெளியே வந்தாள்.