கலரிங் புக்கா, தெருவில் பொறுக்கின இலையா?

நான்கு பருவங்கள் போட்ட கலரிங் புக்கை நாலு வயசுப் பிள்ளையிடம் கொடுத்தால் வீடு கொஞ்ச நேரம் அமைதியாக இருக்கும், கிரயான் பிடிக்கக் கையும் பழகும். ஆனால் அதில் இருக்கும் பனிமனிதனுக்கும் வேலூருக்கும் என்ன சம்பந்தம்?

பிள்ளைக்குப் பருவங்களைக் காட்ட இன்னொரு வழி, வெளியே போய் இலை, பூ பொறுக்கி வருவது. பங்குனி வாக்கில் புங்கமரம் பழைய இலையைக் கொட்டிவிட்டுப் பளபளவென்று துளிர்க்கும். தளிர் ஒன்றை எடுத்து, நரம்பு புடைத்த அடிப்பக்கத்தில் போஸ்டர் கலரை மெல்லிசாகத் தடவித் தாளில் அழுத்தினால் நரம்பெல்லாம் அப்படியே பதியும் (கலர் அதிகமானால் வெறும் திட்டுதான்). சருகு நொறுங்கும், அதைப் பக்கத்திலேயே ஒட்டிவிடலாம். சித்திரையில் சரக்கொன்றை மஞ்சள், ஐப்பசி மழையில் சேற்றைத் தொட்டு விரலால் பூச்சு. பாலாற்றில் தண்ணீர் வந்தால் கரையில் கையைப் பிடித்து நிறுத்திக் காட்டுங்கள். நீலமா பழுப்பா என்று பிள்ளையே சொல்லட்டும்.

அரளி, எருக்கு மட்டும் வேண்டாம், பால் விஷம். அக்னி நட்சத்திரத்தில் வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பிவிட வேண்டும், சட்டை எப்படியும் பாழாகும். இருந்தாலும் என் ஓட்டு இதற்குத்தான். கலரிங் புக், காய்ச்சல் நாளுக்கும் பஸ் பயணத்துக்கும் இருக்கட்டும்.