துபாயில் பிரசவமா, ராயபுரத்தில் பிரசவமா?

துபாயில் கணவரின் விசாவில் இருக்கும் பெண் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்ததும், வாழ்த்துக்கு அடுத்தபடியாக வரும் கேள்வி, "அங்கேயே பெத்துக்கப் போறியா, இங்க வர்றியா?" என்பதுதான். நான் இங்கே வந்தேன். ராயபுரத்தில் அம்மா வீட்டில் தங்கி, வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பெற்றுக்கொண்டு, குழந்தையோடு துபாய் திரும்பினேன். இப்போது விடுமுறைக்கு வந்திருக்கிறேன். எங்கள் தெருவிலிருந்து கல்யாணமாகி அங்கே போயிருக்கும் தங்கை ஒருத்தி போனில் இதையே கேட்கிறாள். அவளுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். என் சாய்வு ராயபுரத்தின் பக்கம். ஆனால் எல்லோருக்கும் அது பொருந்தாது. யாருக்குப் பொருந்தும் என்பதை ஒரே ஒரு கணக்கு சொல்லிவிடும்.

டாக்டர், ஆஸ்பத்திரி பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. இரண்டு ஊரிலும் நல்ல மகப்பேறு மருத்துவர்கள் இருக்கிறார்கள். வடசென்னையில் தனியார் இடம் கட்டுப்படியாகாதவர்களுக்கு ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு ஆஸ்பத்திரி இருக்கிறது, சிக்கல் என்றால் பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி. ஸ்கேனில் ஆணா பெண்ணா என்று துபாயில் சாதாரணமாகச் சொல்வார்கள், இங்கே சட்டப்படி சொல்லக் கூடாது. அங்கே பழகிய வாயால் இங்கே டாக்டரிடம் கேட்டு அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம்.

பணத்தில் துபாய்க்குக் கொஞ்சம் சாதகம். அங்கே 2013-ஆம் ஆண்டின் 11-ஆம் எண் சட்டப்படி எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு கட்டாயம். மனைவிக்கு எடுக்க வேண்டியது ஸ்பான்சர் செய்யும் கணவரின் பொறுப்பு. அடிப்படைத் திட்டத்திலேயே பேறுகாலம் அடங்கும். அதற்கென்று உள்ள உச்சவரம்புக்குள் நாம் கட்டுவது 10 சதவீதம். ஆனால் சாதாரணப் பிரசவத்துக்காக ஊருக்கு வந்தால் அந்த அடிப்படைத் திட்டம் உதவாது, செலவு முழுக்க நம் கையிலிருந்துதான். கம்பெனி கொடுக்கும் உயர்ந்த திட்டங்களில் சில இந்தியாவிலும் செல்லும், கார்டின் பின்னால் உள்ள எண்ணுக்கு அழைத்துக் கேட்டுவிடுங்கள்.

காகித வேலையிலும் துபாய்தான் சுலபம். பிறப்புச் சான்றிதழ், குழந்தைக்கு இந்தியப் பாஸ்போர்ட், அப்பாவின் ஸ்பான்சரில் விசா, எமிரேட்ஸ் ஐடி எல்லாம் ஒரே ஊரில் முடிந்துவிடும். பிறந்த 30 நாளுக்குக் குழந்தை தாயின் காப்பீட்டிலேயே வரும். 120 நாளுக்குள் விசா எடுத்தாக வேண்டும், தவறினால் நாள்தோறும் அபராதம். இந்தியக் குடியுரிமைக்கு ஒரு வருடத்துக்குள் அங்குள்ள நம் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும். பாஸ்போர்ட் எடுக்கப் போகும்போதே இதையும் முடித்துவிடுவார்கள் என்பதால் தனி அலைச்சல் இல்லை. எங்கள் பக்கத்து ஃபிளாட் அக்கா இப்படித்தான் செய்தார். பெரிய சிரமம் எதுவும் பட்டதாகத் தெரியவில்லை.

இவ்வளவு இருந்தும் நான் ஏன் ஊருக்கு வரச் சொல்கிறேன்? பிரசவத்துக்குப் பின் வரும் அந்த நாற்பது நாளுக்காக. துபாயில் தனியார் வேலையில் இருக்கும் அப்பாவுக்குச் சட்டம் தரும் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு 5 வேலை நாள். ஆறாவது நாள் காலையில் அவர் ஆபீஸ் கிளம்பிவிடுவார். தையல் ஆறாத உடம்போடு, மார் கட்டிய வலியோடு, அழும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒற்றை அறை ஃபிளாட்டில் நீங்கள் தனியாக இருப்பீர்கள். அம்மாவை விசிட் விசாவில் வரவழைக்கலாம்தான். ஆனால் எங்கள் அம்மாவுக்குச் சர்க்கரை, அப்பாவுக்கு அம்மா இல்லாமல் ஒரு வேளை ஓடாது. பல வீடுகளில் கதை இதுதான்.

இங்கே ஆள் பலம் இருந்தது. குளிப்பாட்ட ஆயா, சாம்பிராணி போட அத்தை, ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தையை வாங்கிக்கொள்ள அம்மா. காசிமேட்டில் அப்பா விடிவதற்குள் போய் பால் சுறா வாங்கி வருவார். அதை மஞ்சள் போட்டு வேகவைத்து, சொரசொரப்பான தோலை உரித்து, கையாலேயே உதிர்த்து, நிறையப் பூண்டும் மிளகும் தட்டிப் போட்டு அம்மா புட்டு செய்வார். அதைச் சுடுசோற்றில் பிசைந்து தின்று தேறிய உடம்பு இது. பத்தியம் என்று சொல்லித் தண்ணீரைக் குறைப்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ளவில்லை, பால் கொடுப்பவளுக்குத் தண்ணீர் வேண்டும். குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீர், வசம்பு எதுவும் வேண்டாம் என்றும் அன்பாக, ஆனால் உறுதியாகச் சொல்லிவிடுங்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும்.

இனி அந்தக் கணக்கு. துபாய் ரெசிடென்ஸ் விசாவில் இருப்பவர் தொடர்ந்து 180 நாளுக்கு மேல் வெளியே இருந்தால் விசா செல்லாமல் போய்விடும். நீண்டகாலத்துக்குத் தரும் கோல்டன் விசாக்காரர்களுக்கு இந்தக் கெடு இல்லை, நம்மில் பெரும்பாலோருக்கு உண்டு. காரணம் காட்டி மறுநுழைவு அனுமதி கேட்க வழி இருக்கிறது. ஆனால் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அதை நம்பித் திட்டம் போடக் கூடாது. ஊரில் பிரசவம் என்று முடிவு செய்தால் அந்த 180 நாளுக்குள் நீங்கள் பெற வேண்டும், தேற வேண்டும், குழந்தைக்கு எல்லாக் காகிதமும் எடுக்க வேண்டும், திரும்பியும் போயிருக்க வேண்டும்.

கடிகாரம் துபாய் ஏர்போர்ட்டில் நீங்கள் எக்ஸிட் ஆகும் நாளிலிருந்து ஓடுகிறது, பிரசவ நாளிலிருந்து அல்ல. 28-வது வாரத்தில் புறப்பட்டால், 40-வது வாரத்தில் பிரசவம் ஆகும்போது 84 நாள் கரைந்திருக்கும். கையில் மிச்சம் 96 நாள். 32-வது வாரத்தில் புறப்பட்டால் கரைவது 56, மிச்சம் 124. 35-வது வாரம் என்றால் கரைவது 35, மிச்சம் 145. பெரும்பாலான விமான நிறுவனங்கள் 28 வாரம் தாண்டியதும் டாக்டர் சான்று கேட்கும். ஒற்றைக் குழந்தையானால் 36 வாரம் வரை ஏற்றும், இரட்டை என்றால் 32-லேயே நிறுத்திவிடும். விதி நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், டிக்கெட் போடும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். ஒற்றைக் குழந்தை, உடம்பில் சிக்கல் இல்லை, டாக்டரும் சரி என்கிறார் என்றால் 32-லிருந்து 34-க்குள் புறப்படுவதுதான் என் கணிப்பில் சரியான நேரம்.

இங்கேதான் வளைகாப்பு குறுக்கே வரும். ஏழாம் மாதத்தில் வைக்க வேண்டும் என்று வீட்டில் நிற்பார்கள். ஏழாம் மாதம் என்பது ஏறக்குறைய அந்த 28-வது வாரம். அதற்காக முன்னதாக வந்தால் ஒரு மாதத்தை அங்கேயே தொலைத்துவிடுவோம். ஒன்பதாம் மாதத்தில் வைப்பதும் நம் வழக்கம்தானே. மாமியாரிடம் நானே பேசி ஒன்பதில் வைத்துக்கொண்டேன். நாள் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டியதும் அவர் மறுபேச்சுப் பேசவில்லை.

தடுப்பூசியும் இந்தக் கணக்குக்குள் வர வேண்டும். பிறந்தவுடன் பி.சி.ஜி., போலியோ, மஞ்சள் காமாலை ஊசி. பிறகு 6, 10, 14-வது வாரங்களில் பென்டாவேலன்ட் என்ற ஐந்து நோய்த் தடுப்பூசி முதலானவை. நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமைதோறும் இலவசமாகப் போடுவார்கள். 14 வாரம் என்றால் 98 நாள். 28-வது வாரத்தில் வந்தவருக்கு மிச்சம் 96 என்று பார்த்தோம், மூன்றாவது ஊசிக்கே இடம் இல்லை. 32-ல் வந்தவருக்கு மூன்றும் முடிந்து மூன்று வாரத்துக்கு மேல் கையில் இருக்கும். துபாய் அட்டவணை 2, 4, 6 மாதம் என்று வேறு மாதிரி போகும், அதனால் இந்த வரிசையை இங்கேயே முடித்து, அட்டையைப் பத்திரமாக எடுத்துப் போவது நல்லது.

காகிதங்களை வரிசையாகச் செய்ய வேண்டும், ஒன்று முடியாமல் அடுத்தது நகராது. முதல் வேலை பிரசவத்துக்கு முன்பே இருக்கிறது. தமிழ்நாட்டில் பிறப்பைப் பதிய பிக்மி எண், அதாவது கர்ப்பிணியை அரசு சுகாதாரத் துறையில் பதிந்ததும் கொடுக்கும் எண், கேட்பார்கள். மாதாமாதம் இங்கேயே செக்கப் போகும் பெண்ணுக்கு அது தானாகக் கிடைத்திருக்கும், துபாயில் பார்த்துக்கொண்டவருக்கு இருக்காது. வந்து இறங்கிய வாரமே துபாய் ரிப்போர்ட்டுகளோடு பகுதி சுகாதார நிலைய நர்ஸைப் பார்த்துப் பதிந்துகொள்ளுங்கள். தனியார் ஆஸ்பத்திரியில் பெற்றாலும் அந்த எண் வேண்டும்.

அடுத்து பெயர். 21 நாளுக்குள் ஆஸ்பத்திரி வழியே மாநகராட்சியில் பிறப்பு பதிவாகிவிடும். பெயரைப் பிறகு சேர்க்க ஒரு வருடம் வரை கட்டணமில்லை என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. பெயர் இல்லாத சான்றிதழை வைத்துப் பாஸ்போர்ட் எடுக்க முடியாது. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பாஸ்போர்ட்டில் பிறந்த தேதிக்கான ஆதாரம் பிறப்புச் சான்றிதழ் ஒன்றுதான். ஆகவே பெயரை வயிற்றில் இருக்கும்போதே பேசி முடித்துவிடுங்கள். நம் ஆட்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இனிஷியல். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுகளுக்கு அமீரகம் 2022 நவம்பர் முதல் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. குழந்தையின் பெயரை கிவன் நேமிலும், இனிஷியலை விரித்து அப்பாவின் பெயரை சர்நேமிலும் எழுதுங்கள். இரண்டு கட்டத்தில் எதையும் காலியாக விடாதீர்கள். பெற்றோர் பெயர் எல்லாக் காகிதத்திலும் உங்கள் பாஸ்போர்ட்டில் உள்ள அதே எழுத்தில் இருக்கட்டும்.

பாஸ்போர்ட்டுக்கு இரு பெற்றோரும் கையெழுத்திட்ட அனெக்ஷர் டி என்ற சம்மதப் படிவம் வேண்டும். அப்பா துபாயில் இருந்தால் அங்குள்ள நம் துணைத் தூதரகத்தில் உறுதிமொழிப் பத்திரத்துக்குச் சான்றொப்பம் வாங்கி அனுப்ப வேண்டும். என் யோசனை இது: கணவரின் லீவு ஒரே துண்டாகத்தான் கிடைக்கும் என்றால், அதைப் பிரசவத் தேதிக்கு வைக்காமல், பிறந்து இரண்டு மூன்று வாரம் கழித்து வையுங்கள். பிரசவ நாள் யார் சொல்லியும் கேட்காது, பாஸ்போர்ட் அப்பாயின்ட்மென்ட் நாம் போடும் நாளில் வரும். அவர் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால் ஒரு பத்திரமும் அதன் அலைச்சலும் மிச்சம். கைக்குழந்தைக்கு வெள்ளைப் பின்னணியில் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். படுக்கையில் வெள்ளை வேட்டியை விரித்துக் குழந்தையைக் கிடத்தி, மேலிருந்து எடுத்தால் ஸ்டுடியோவில் அழவிடாமல் வேலை முடியும். இந்தப் பாஸ்போர்ட் 5 வருடத்துக்குச் செல்லும்.

பாஸ்போர்ட்டுக்குக் காத்திருக்கும் நாளிலேயே பிறப்புச் சான்றிதழின் அட்டஸ்டேஷனை ஆரம்பித்துவிட வேண்டும். அதிகம் நாள் பிடிப்பது இதுதான். மாநில அரசின் சான்றொப்பம், பிறகு இந்திய வெளியுறவு அமைச்சகம், பிறகு அமீரகத் தூதரகம், கடைசியாக துபாயில் அவர்களுடைய வெளியுறவு அமைச்சகம். ராயபுரத்துக்காரர்களுக்குத் தலைமைச் செயலகம் பக்கம்தான். மண்ணடி, பாரிமுனைப் பக்கம் இதையே தொழிலாகச் செய்யும் ஏஜென்ட்டுகளும் உண்டு. யாரிடம் கொடுத்தாலும் "யு.ஏ.இ. எம்பஸி அட்டஸ்டேஷன்" என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். அப்போஸ்டில், அதாவது உடன்படிக்கை நாடுகளுக்குள் மட்டும் செல்லும் ஒற்றைச் சான்று முத்திரை, போட்டுக் கொடுத்தால் அது அமீரகத்தில் செல்லாது. அந்த நாடு அப்போஸ்டில் உடன்படிக்கையில் இல்லை. பாஸ்போர்ட்டும் இந்த முத்திரைகளும் கைக்கு வந்தால் கணவர் அங்கிருந்து குழந்தைக்கு என்ட்ரி பெர்மிட் போட்டுவிடலாம். 18 வயதுக்குக் கீழ் என்பதால் குழந்தைக்கு விசா மெடிக்கல் கிடையாது. குழந்தை அங்கே தாயின் காப்பீட்டில் பிறந்தது அல்ல, ஆகவே போய் இறங்கியதும் தனிக் காப்பீடு எடுப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இந்த வரிசை முழுவதையும் பிறந்த நாளிலிருந்து 100 நாளுக்குள் முடிக்கத் திட்டமிடுங்கள், மிச்ச நாள் இழுபறிக்கு.

கணக்கு ஒத்து வராதவர்களும் உண்டு. நீங்களே அங்கே வேலை பார்ப்பவர் என்றால் துபாயிலேயே பெற்றுக்கொள்ளுங்கள். தனியார் துறையில் மகப்பேறு விடுப்பு 60 நாள், அதில் 45 முழுச் சம்பளம், 15 அரைச் சம்பளம். அதற்குள் வந்து, பெற்று, குழந்தைக்கு எல்லாம் எடுத்துத் திரும்புவது நடக்காது. இரட்டைக் குழந்தை, ரத்த அழுத்தம், முன்பு குறைப்பிரசவம் ஆனவர்களுக்கும் இதே பதில். இவர்கள் விஷயத்தில் என் அனுபவத்தைவிட உங்கள் டாக்டர் சொல்வதே பெரிது. நான் சொன்ன காப்பீட்டு விதிகளும் துபாய் விசாக்காரர்களுக்கானவை, அபுதாபிக்குத் தனிச் சட்டம் உண்டு. கடைசியாக, டிக்கெட் போடும் முன் உங்கள் சொந்த விசா முடியும் தேதியைப் பாருங்கள். அது நீங்கள் ஊரில் இருக்கும் மாதங்களுக்குள் விழுந்தால், புதுப்பித்த பிறகு புறப்படுங்கள்.