எபேசு: வழிகாட்டியுடன் போவதா, தனியாகவா?

துருக்கியின் இஸ்மிரில் ஒரே நாள் கையில் வைத்துக்கொண்டு, எபேசு என்ற பழங்கால நகரின் இடிபாடுகளைப் பார்க்க நினைப்பவர்களுக்கு வரும் குழப்பம் இது.

செலவு: குழுப் பயணத்தில் வண்டி, வழிகாட்டி, பெரும்பாலும் மதிய உணவும் சேர்ந்தே வரும். தனியாகப் போனால் இஸ்மிரின் பஸ்மனே நிலையத்திலிருந்து, எபேசுக்குப் பக்கத்து ஊரான செல்சுக்குக்கு ரயில், மிகவும் மலிவு.

அலைச்சல்: இடிபாடுகள் செல்சுக்கிலிருந்து சுமார் 3 கி.மீ. இயேசுவின் தாய் மரியாள் வாழ்ந்ததாக நம்பப்படும், மலைமேல் இருக்கும் மரியன்னை இல்லத்துக்குத் தனியாகப் போக டாக்சிதான் பிடிக்க வேண்டும். குழு வேன் அங்கேயே கொண்டுபோய் இறக்கிவிடும். இடிபாடுகளின் மேல்வாசலில் விட்டுக் கீழ்வாசலில் ஏற்றிக்கொள்வதால் ஏற்றமும் மிச்சம்.

விளக்கம்: இதில் வழிகாட்டிக்கே என் ஓட்டு. பளிங்குத் தரையில் எட்டு ஆரங்கள் கொண்ட சக்கரம் ஒன்று செதுக்கியிருக்கும். ஆதிக் கிறிஸ்தவர்களின் அடையாளமான, 'மீன்' என்ற பொருள்தரும் கிரேக்கச் சொல்லின் ஐந்து எழுத்துகளும் அந்தக் கோடுகளுக்குள் இருப்பதை யாராவது விரல்வைத்துக் காட்டினால்தான் தெரியும். அப்போஸ்தலர் பவுலுக்கு எதிராக வெள்ளித் தட்டார்கள் கூச்சலிட்ட அரங்கமும் வெறும் படிக்கட்டாகத் தெரியாது.

நேரம்: இங்கே தனிப்பயணமே மேல். கி.பி. 431-இல் திருச்சபைத் தலைவர்களின் திருச்சங்கம் கூடிய மரியாள் ஆலயம் பிரதான பாதையைவிட்டு ஒதுங்கியிருக்கிறது. அவசரக் குழுக்கள் தவிர்த்துவிடும். குழுப் பயணத்தில் தோல்கடை, கம்பளக்கடையில் ஒரு மணி நேரம் கரைவதும் உண்டு. கடைக்குக் கூட்டிப்போவார்களா என்று பதிவுசெய்யும் முன்பே கேட்டுவிடுங்கள்.

பெரியவர்களுடன், வேதாகம ஈடுபாட்டுடன் போகிறவர்கள் குழுவில் சேரலாம். கற்களோடு நின்று நிதானமாகப் பார்க்க விரும்புகிறவர்கள் ரயிலேறுங்கள். மாலையில் யோவான் பேராலயத்துக்குச் செல்சுக் ஊரிலிருந்து நடந்தே போய்விடலாம்.